டோம்சன் வீட்டுக் கத்தி

அத்தியாயம் 14

"அந்தப் பக்கம் பிரேக் கிடையாது வீப்கே. எதுக்கு இப்படி மிதிக்கிற?"

வீப்கே குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் காரின் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. கார் ஓட்டப் படிக்க வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பழகிய கால். அண்ணன் ஓட்டுகிறான் என்று அதற்குத் தெரியுமா?

"முன்னாடி லாரி நிக்குது, ஹவுக்கே."

"எனக்கும் கண்ணு இருக்கு."

லாபோ என்ற கடலோர ஊரிலிருந்து கீல் நகரத்துக்குப் போகும் சாலை மழையில் நனைந்து பளபளத்தது. பின் இருக்கையில் ஹவுக்கேயின் பழைய தூண்டில் பெட்டி. அதற்குள், துண்டில் சுற்றிப் பூட்டி வைத்த குத்துவாள்.

"போலீஸ் நிறுத்தினா என்ன சொல்லுவ?" என்று கேட்டாள் வீப்கே.

"கேக் வெட்டுற கத்தின்னு சொல்லுவேன்."

சொன்னது வேடிக்கைதான். ஆனால் சொன்னவன் முகத்தில் சிரிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்குக் காபி மேஜையில் அம்மா கேஷே சாதாரணமாகத்தான் பேச்சை எடுத்தாள். "சனிக்கிழமை கல்யாணக் கேக்கை நம்ம கத்தியாலதான் வெட்டப்போறேன்."

டோம்சன் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் கேக்கை வெட்டியது அந்தக் கத்திதான். முதலில் அம்மா அப்பா கல்யாணம், பிறகு ஹவுக்கே, அப்புறம் வீப்கே. மற்ற நாட்களில் அலமாரியில் மேஜைவிரிப்புகளுக்கு நடுவே தூங்கும். ஆனால் இந்தக் கல்யாணம் டோம்சன் வீட்டுக் கல்யாணம் இல்லையே. அப்பா டெட்லெஃப் போய் நாலு வருஷம் ஆகிறது. அறுபத்தொன்பது வயதில் அம்மா, துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வுபெற்ற ஊவேயைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

"எங்கப்பா கத்தி இன்னொருத்தர் கல்யாணத்துல கேக் வெட்டுமா?" என்று எழுந்தவன்தான் ஹவுக்கே. அலமாரியைத் திறந்தான், கத்தியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான், தட்டில் பாதி பிளம் கேக்கை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான். "கல்யாணத்துக்கும் என்னை எதிர்பார்க்காதீங்க" என்பதை வாசலில் நின்று சொன்னான்.

நடுவில் புகுந்து சமாதானம் பேசியது வீப்கே. தெரிந்தவர் யாரிடமாவது கத்தியைக் காட்டுவோம், அது என்ன, எந்தக் காலம், என்ன விலை பெறும் என்று தெரியட்டும். டோம்சன் சொத்துதான் என்று நிச்சயமானால் ஹவுக்கேயே வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா மறுப்பாள் என்றுதான் நினைத்திருந்தாள். "ஓ, நல்லா காட்டுங்களேன்" என்று அம்மா உடனே சொன்னது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

வீப்கேவுக்கு வேறொரு கவலையும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கத்தி பேரரசர் கைசர் காலத்தது என்பது அப்பாவின் வார்த்தை. அதற்குப் பின்னால் வந்த, யாரும் வாய்விட்டுப் பேச விரும்பாத அந்தப் பன்னிரண்டு வருஷ சர்வாதிகாரத்துப் பொருளாக இருந்துவிட்டால்? அதைத்தான் இத்தனை கல்யாணத்துக் கேக்கிலும் இறக்கினோமா? இந்த எண்ணம் வந்ததிலிருந்து, கூடத்தில் மாட்டியிருந்த தன் கல்யாணப் படத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

*

ஃபிராவ் கேலர்ட் என்ற அந்தப் பெண்மணியின் கடை, கீலில் ஒரு பின்தெருவில் இருந்தது. பழைய படைப் பொருட்களைப் பார்த்து விலை மதிப்பதுதான் அவர் தொழில். அதற்கு முன்னால் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சின்னச் சின்னக் கொக்கிகளும் ஊசிகளும் இன்னும் அவர் மேஜையில் வரிசையாகக் கிடந்தன.

"இந்தக் கத்திக்குப் பின்னால ஒரு பெரிய கதை இருக்கு," என்று ஆரம்பித்தான் ஹவுக்கே.

"எல்லாக் கத்திக்கும் இருக்கும். கடைசியில கேக்கறேன்."

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பித்தளை உறையிலிருந்து கத்தியை உருவினார். அது சுலபமாக வரவில்லை. ஃபிராவ் கேலர்ட் நெற்றியைச் சுருக்கினார். ஒரு கொக்கியை எடுத்து உறையின் வாய்க்குள் விட்டு மெல்லச் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெண்ணெய்க் க்ரீமா இருக்கும்," என்றாள் வீப்கே, சின்னக் குரலில். "கல்யாணத்துல கேக் வெட்டுவோம்."

"ஓகோ." அவர் கத்தியின் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நங்கூரம், பாய்மரக் கப்பல், அலை எல்லாம் நல்ல வேலைப்பாடா பொறிச்சிருக்காங்க. பாதி தேஞ்சுபோச்சு. யார் தேய்ச்சது?"

"எங்கம்மா."

"எதால?"

"பாத்திரம் தேய்க்கிற பவுடரால."

ஃபிராவ் கேலர்ட் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து, கத்தியின் பிடிக்கு வந்தார். வெள்ளைப் பிடி, சுற்றிச் சுற்றிப் பித்தளைக் கம்பி. பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து வீப்கேயைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. மெல்லிசா கோடு கோடா, ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகுதா? எலும்பா இருந்தா புள்ளி புள்ளியா இருக்கும். செல்லுலாய்டுன்னா ஒண்ணுமே தெரியாது. இது யானைத் தந்தம். பல்லு விஷயத்துல மட்டும் என்னை ஏமாத்த முடியாது."

"அப்ப கைசர் காலம்தானே?" ஹவுக்கே மேஜைமேல் குனிந்தான்.

"அலகும் பிடியும் கைசர் காலம்தான். முதல் உலகப் போருக்கு முன்னால சோலிங்கன் பட்டறையில செஞ்சது. கடற்படை அதிகாரி விழா உடையில இடுப்புல தொங்கவிடுற குத்துவாள். இதால யாரும் யாரையும் குத்தினதில்ல. எல்லாம் அழகுக்குத்தான்."

வீப்கே தொண்டையைச் செருமினாள். "அப்ப இது... அந்தக் காலத்தது இல்லையே? அதுக்கப்புறம் வந்துதே, அந்தக் காலம்."

ஃபிராவ் கேலர்ட் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை போலும்.

"இல்லம்மா. அந்தக் காலத்துல சேவையில இருந்திருந்தா இந்த உச்சியில ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும். அது கால்ல அந்த ஸ்வஸ்திகா சின்னம் இருக்கும். அப்படிப்பட்டதை நான் இப்படித் திறந்து மேஜையில வைக்கவும் மாட்டேன். நிம்மதியா கேக் சாப்பிடுங்க."

வீப்கே நாற்காலியில் சாய்ந்தாள். அத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. திடீரென்று அவளுக்குப் பசித்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் ஃபிராவ் கேலர்ட். "கைசர் காலத்துக் கத்தியில உச்சியில கிரீடம் இருக்கணும். இதுல பாருங்க, தீச்சுவாலை சுத்தின உருண்டை." அந்தக் குமிழைப் பிடித்து மெல்லத் திருகினார். அது திருகாணிபோல் கழன்று வந்தது. "கைசர் போனார், கிரீடமும் போச்சு. குடியரசு வந்ததும் கடற்படைக்குப் புதுச் சின்னம். முழுக்கத்தி புதுசா வாங்க யாருக்கு மனசு வரும்? பழைய கத்திக்குத் தலையை மட்டும் மாத்திக்கிட்டாங்க. இப்ப சொல்லுங்க உங்க கதையை."

ஹவுக்கே நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்பா சொல்லும் விதத்திலேயே, ஒரு கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். கொள்ளுத்தாத்தா யோஹிம் டோம்சன், கைசரின் போர்க்கப்பலில் கொதிகலனுக்குக் கரி போடுகிறவர். வடகடலில் புயல். அலை வீட்டுக் கூரை உயரம். கொதிகலன் வெடிக்கப்போகும் நேரம், எல்லோரும் மேலே ஓட, யோஹிம் மட்டும் கீழே இறங்கினார். கப்பல் பிழைத்தது. தளபதி எல்லோர் முன்னாலும் தன் இடுப்பிலிருந்து கத்தியைக் கழற்றி, கரி படிந்த அந்தக் கையில் வைத்தார்.

கேட்டுக் கேட்டுப் பழகிய கதைதான். ஆனாலும் வீப்கே கண்ணை மூடிக் கேட்டாள். அப்பா பேசுவதுபோலவே இருந்தது.

ஃபிராவ் கேலர்ட் கடைசிவரை குறுக்கிடவில்லை. "நல்லா சொல்றீங்க. கொள்ளுத்தாத்தா கடற்படையை விட்டு எப்ப வந்தார்?"

"போர் முடிஞ்சதும். தொள்ளாயிரத்துப் பதினெட்டுல. நேரா ஊருக்கு வந்து மாடு வாங்கிட்டார்."

"அப்ப இந்தக் குமிழை மாத்தினது யாரு?"

ஹவுக்கே அந்தக் குமிழைப் பார்த்தான்.

"இந்தச் சின்னம் வந்ததே அதுக்குச் சில வருஷம் கழிச்சு. அப்பவும் சீருடையில இருந்த அதிகாரிக்குத்தான் இது தேவை. மாடு கறக்கிறவருக்கு எதுக்கு?" அவர் குரலில் கேலி இல்லை. "இருங்க, இங்கயும் க்ரீம் அப்பியிருக்கு."

உறையின் மேல்வளையத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை ஊசியால் சுரண்டினார். துணியால் துடைத்தார். இரண்டு எழுத்துகள் மெல்லத் தெரிந்தன.

"ஓ. யெ. உங்க வீட்டுல இந்த எழுத்துல யாராவது உண்டா?"

"கிடையாது," என்றான் ஹவுக்கே. அவன் காதுமடல் சிவந்திருந்தது.

வீப்கே குனிந்து அந்த எழுத்துகளை மறுபடி படித்தாள்.

விலையையும் ஃபிராவ் கேலர்ட் சொன்னார். ஆயிரத்து ஐநூறு யூரோ கிடைக்கலாம். பழைய கிரீடம் இருந்து, பவுடரும் படாமல் இருந்திருந்தால் இன்னும் நிறையவே போயிருக்கும். தந்தப் பிடி என்பதால் விற்க அரசாங்க அனுமதி வேறு வாங்க வேண்டும்.

"விக்கப்போறீங்களா?"

"இல்ல," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

*

துறைமுகத்து ஓரத்தில் காரை நிறுத்தி, ஆளுக்கு ஒரு மீன் ரொட்டி வாங்கிக்கொண்டார்கள். ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் வெங்காயமும். ஹவுக்கே கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கடலைப் பார்த்தான். கடல்காகம் ஒன்று அந்த ரொட்டியையே பார்த்தது.

"ஹவுக்கே," என்றாள் வீப்கே. "கல்யாணத்துக்கு முன்னால அம்மாவோட குடும்பப் பேரு என்ன?"

"கேஷே யெஸ்..." அங்கேயே நின்றான்.

கடல்காகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ரொட்டியில் பாதி போய்விட்டது. அவன் கவனிக்கவேயில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்களையே கேப்போம்."

திரும்பி வரும்போது வண்டியை வீப்கேதான் ஓட்டினாள்.

*

அம்மா சமையலறையில் விரிசல் விட்ட தட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்கம்பக்கத்தார் வந்து நல்ல சகுனத்துக்காகக் கல்யாண வீட்டு வாசலில் அவற்றை உடைத்துத் தள்ள வேண்டுமே.

ஹவுக்கே கத்தியை மேஜைமேல் வைத்து, உறையைத் திருப்பி அந்த எழுத்துகளைக் காட்டினான்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "அட, இத்தனை சுத்தமா எடுத்துட்டாங்களே. எனக்கு வரவே வரல."

"யாரும்மா இது?"

"ஓட்டோ யெஸ்ஸன். எங்கப்பாவோட அப்பா. என் தாத்தா. கப்பல்ல இன்ஜினியர் அதிகாரியா இருந்தவர்." பாத்திரக்கடையில் விலை சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "என் கல்யாணத்தப்ப எங்கப்பா எனக்குக் கொடுத்தார். என் பெட்டிக்குள்ளதான் வந்துது."

"அப்ப கொள்ளுத்தாத்தா யோஹிம்?"

அம்மா ஒரு தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்க கல்யாணத்தன்னிக்கு விடுதிக்காரன் கேக் வெட்டுற கத்தியைத் தொலைச்சுட்டான். எல்லாரும் தேடுறாங்க. நான் போய் என் பெட்டியிலேருந்து இதை எடுத்துட்டு வந்தேன். உங்க தாத்தா அதுக்குள்ள நாலு கிளாஸ் ஏத்தியிருந்தார். கத்தியைப் பார்த்தார், எழுந்து நின்னார், 'இது எங்கப்பா யோஹிமுக்குத் தளபதி கொடுத்த கத்தி'ன்னு ஆரம்பிச்சுட்டார். எதுக்கு ஆரம்பிச்சார்னு அவருக்கே தெரியாது. சபை மொத்தமும் கை தட்டுச்சு, எங்கப்பாகூட சிரிச்சுக்கிட்டே விட்டுட்டார். உங்கப்பா கண்ணுல தண்ணி."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் வீப்கே.

"கல்யாணமான மறுநாள் காலைல புருஷன்கிட்ட, 'உங்கப்பா நேத்து நல்லா அளந்தார்'னு சொல்லவா? அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்கப்பா அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிட்டார். சொல்லச் சொல்ல அலை வேற உயரமாயிட்டே போச்சு. கடைசியில எனக்கே அந்தக் கதை பிடிச்சுப்போச்சுடி."

வீப்கேவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே," என்றான் ஹவுக்கே.

"சொன்னா நம்பியிருப்பியா? ஊவேக்காக அம்மா புதுசா கதை கட்டுறான்னு சொல்லியிருக்க மாட்ட? அதான், வெளியாள் யாராவது சொல்லட்டும்னு விட்டேன்."

ஹவுக்கேயின் பெரிய உடம்பு நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தது. படகு மோட்டார்களோடு மல்லுக்கட்டித் தழும்பேறிய கைகள் மடியில் கிடந்தன.

"எனக்கு அப்பாகிட்டேருந்து வந்ததுன்னு இது ஒண்ணுதாம்மா இருந்துது. இப்ப அதுவும் இல்ல."

அம்மா எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தாள்.

"கத்திதான்டா என்னோடது. கதை முழுக்க உங்கப்பாவோடது. அதை அவரை மாதிரியே சொல்ல வர்றது உனக்கு ஒருத்தனுக்குத்தான். வீப்கே சொன்னா பாதியிலயே சிரிச்சுடுவா. சனிக்கிழமை நான் கேக் வெட்டும்போது நீ எழுந்து நின்னு அதைச் சொல்லணும்."

"ஊவே முன்னாடியா?"

"ஊவே முன்னாடிதான். அங்க முதல் தடவையா கேக்கப்போற ஆள் அவர் ஒருத்தர்தானே. எங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மனுஷன்னு அவருக்கும் தெரிய வேண்டாமா?"

ஹவுக்கே கத்தியை எடுத்தான். கொஞ்ச நேரம் அதன் பிடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் மெல்ல இளகுவதை வீப்கே பார்த்தாள்.

"அலை எவ்வளவு உயரம் சொல்லலாம்?"

"அது உன் இஷ்டம். மாதாகோயில் கோபுரத்துக்கு மேல மட்டும் போகாதே, பாதிரியாரும் வர்றார்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு மூவருமே சிரித்தார்கள், தட்டுகள் அதிரும் அளவுக்கு. அம்மா அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். ஹவுக்கே ஞாயிற்றுக்கிழமை மிச்சம் வைத்த பிளம் கேக் இருக்கிறதா என்று குளிர்பெட்டியைக் குடைந்தான். இருந்தது. நின்றபடியே அதைத் தின்று முடித்தான். வரமாட்டேன் என்று சொன்ன வார்த்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் சமாதானம் என்றால் அதுதான்.

வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"மோயின், வணக்கம்! சமையல் கட்டுல என்ன, இத்தனை சத்தம்?"

ஊவே, ஒரு மரப்பெட்டி நிறையப் புகைபோட்ட சின்ன மீன்களோடு உள்ளே வந்தார். ஹவுக்கேயைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். ஹவுக்கேயே எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டான். ஊவேயின் முகம் மலர்ந்தது. உட்காரப்போனவரின் பார்வை மேஜையில் கிடந்த கத்தியில் விழுந்தது.

"அட! இது இன்னும் இருக்கா?" சின்னப் பையனைப்போல் கையை நீட்டினார். "கேஷே, உங்கப்பா வீட்டுக் கூடத்துல, கடிகாரத்துக்கு மேல தொங்குமே! நான் ஒரு தடவை தொட்டதுக்கு, தோட்டத்து வாசல் வரைக்கும் என்னைத் துரத்தினாரே, ஞாபகம் இருக்கா?"

கெண்டியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

ஊவேயை மாதாகோயில் பாட்டுக்குழுவில்தான் முதன்முதலில் பார்த்தேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால். யெஸ்ஸன் வீடோ, அம்மா டெட்லெஃபைக் கட்டிக்கொண்ட மறுவருஷமே விற்று இடிக்கப்பட்டுவிட்டது. ஹவுக்கேகூட அதைப் பார்த்ததில்லை.

"ஊவே," என்றாள் வீப்கே மெதுவாக, "அந்த வீட்டுக்கு நீங்க எப்ப போனீங்க?"

ஊவே நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வீப்கேயைப் பார்த்தார், ஹவுக்கேயைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னும் நீ இவங்ககிட்ட சொல்லலையா?"

அம்மா கழுத்துவரை சிவந்துபோனாள். அறுபத்தொன்பது வயதில் அப்படிச் சிவக்க முடியும் என்று வீப்கேவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முதல்ல மீனைச் சாப்பிடுங்க எல்லாரும்," என்றாள் அம்மா. "ஆறிடப்போகுது."

புகைபோட்ட அந்த மீன், வந்தபோதே ஆறித்தான் இருந்தது.